சிவப்பு மையில் ஒரு பெயர்

மலாக்காவில் மண்மேட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகும் வழியில் காஜா பேராங்கில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துவார்கள். அங்கே கருணாகரனின் பட்டறைச் சுவரில் ஒரு பலகை தொங்கும். அதில் மூன்று தாள்கள்: முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குப் பிறகு தன் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எவருக்கும் அடுத்த வேலை.

அந்தத் தாள்களை எழுதும் பொறுப்பு கருணாகரனுக்கு வந்த கதை ஒரு முறிந்த எலும்பில் தொடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டு புக்கிட் பாரு செம்மண் மேட்டில் முதல் பந்தயம் நடந்தபோது வகுப்பு என்று எதுவும் கிடையாது. கொடி இறங்கியதும் முப்பது வண்டிகளும் ஒன்றாகப் பாய்ந்தன. கிளேபாங்கில் தையற்கடை வைத்திருந்த சுப்பையன் வண்டி வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் வளைவிலேயே தேர்ந்த கைகள் நான்கைந்து அவரை நெருக்கித் தள்ளின. தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடியவன் கருணாகரன். மூன்று மாதம் ஊசி பிடிக்க முடியாமல் இருந்த சுப்பையன் கை சரியானதும் முதல் வேலையாக வண்டியை விற்றார்.

அதற்குப் பிறகு கூடிய சங்கக் கூட்டத்தில் கருணாகரன் எழுந்து, “அரிச்சுவடி படிக்கிறவனையும் வக்கீலையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பரீட்சை வைக்கிறோம். இது என்ன நியாயம்?” என்று மலாய் மொழியில் கேட்டான். சங்கத் தலைவர் ஹம்சா மலாய்ப் பள்ளி ஆசிரியர். அவர் சிரித்துக்கொண்டே, “அப்படியானால் யார் எந்த பெஞ்ச் என்று நீயே பிரித்துக் கொடு” என்றார். கேட்டவன் தலையிலேயே வேலை விழுந்தது.

அவனுக்கு அது பொருத்தமான வேலைதான். மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ஜப்பான்காரன் காலத்தில் அப்பா சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. பதினைந்து வயதில் டவுனுக்கு வந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினான். போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள்கள் ஏலத்துக்கு வந்தபோது, அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே தொழிலைக் கற்றுக்கொண்டான். சொல்லிக்கொடுக்க யாருமில்லை. காது சொல்லிக் கொடுத்தது. சாலையில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே, “வால்வு இடைவெளி கூடிப்போச்சு, நாளைக்குக் கொண்டுவா” என்று கத்துவான். அது தப்பியதில்லை.

வகுப்புகளுக்கு அவன் வைத்த விதிகள் சுருக்கமானவை. புதிதாக வருகிறவன் மூன்றாம் வகுப்பு. அதில் இரண்டு முறை முதலாவதாக வந்தால் இரண்டாம் வகுப்பு. அங்கே இரண்டு முறை வென்றால் முதல் வகுப்பு. வகுப்பு ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. இத்தனையும் கருப்பு மையில் எழுதப்படும்.

இன்னொரு விதியும் இருந்தது. மேலே போகக்கூடிய திறமை இருந்தும் சின்னப் பரிசுகளை அள்ளுவதற்காகக் கீழ் வகுப்பிலேயே ஒளிந்துகொள்கிறவர்கள் உண்டு. முதலாவதாக வந்தால்தானே மேலே தள்ளுவார்கள்? இரண்டாவதாக வந்து ஒரு பிளாஸ்கையோ கெட்டிலையோ வாங்கிக்கொண்டு போய்விடலாம். இதற்கு ‘அடக்கி ஓட்டுவது’ என்று பெயர். அப்படி அடக்கி ஓட்டுகிறான் என்று கருணாகரன் உறுதியாகக் கண்டால், அவன் பெயரை மேல் வகுப்புத் தாளில் சிவப்பு மையில் எழுதுவான். ஓராண்டுக்கு அந்தப் பெயர் சிவப்பாகவே இருக்கும். நான்கு ஆண்டுகளில் இரண்டே பேருக்குத்தான் அவன் சிவப்பு மையைத் தொட்டான். இருவருமே பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

மூன்றாவதாக எழுதிய பெயர் ராஜன்.

ராஜன் செட்டி கம்பத்துப் பையன். பட்டறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடு. வக்கீல் ஆபீஸில் தட்டச்சு வேலை. அந்தக் கிராமத்தில் இருந்தவர்கள் பல தலைமுறைக்கு முன் வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்; கோயிலும் பொங்கலும் எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் மலாய். ஆகவே அவனும் கருணாகரனும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். அதிர்ந்து பேசாதவன். தாளில் தட்டும்போது கூட விரல் சத்தம் கேட்காது என்று அவன் நண்பர்கள் கேலி செய்வார்கள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஜூனில் ஒரு பந்தயம், ஜூலையில் ஒன்று, ஆகஸ்ட் முதல் ஞாயிறு ஒன்று. மூன்றிலும் ராஜன் மூன்றாம் வகுப்பில் இரண்டாவதாக வந்தான். மூன்றிலும் ஒரே மாதிரி. கடைசிச் சுற்று வரை முன்னால் இருப்பான். கடைசிச் சுற்றில் மட்டும் மேட்டின் செங்குத்தான பக்கமாக ஏற வேண்டும்; அங்கே, பாதி மேட்டில், எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கும். பின்னால் வருகிறவன் தாண்டிப் போவான். பிறகு சத்தம் மறுபடி எழும்பும்.

கருணாகரன் கொடிக்கம்பத்தடியில் ஸ்டாப் வாட்சுடன் நிற்பவன். மேடு அங்கிருந்து இருநூறு கெஜம். கண்ணுக்குத் தெரிவது புழுதி மட்டும். ஆனால் காது இருக்கிறதே. கைப்பிடி ஆக்சிலரேட்டரை மூடினால் எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்டது. ஒரு முறை என்றால் தற்செயல். மூன்று முறையும் அதே இடத்திலா?

“அண்ணே, அது ஊமைக் கோட்டான். கெட்டில், பிளாஸ்க், டிபன் கேரியர். மூணும் வாங்கிட்டான். இன்னும் ரெண்டு பந்தயம் போனா கல்யாணத்துக்குச் சீர்வரிசை ரெடி” என்றான் சேதுபதி. சேதுபதி லாரி ஓட்டுகிறவன். மூன்றாம் வகுப்பிலேயே ஓடி, எப்போதும் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வருகிறவன். வாய் மட்டும் முதல் வகுப்பு. “இந்த மாசக் கடைசியில மெர்டேக்கா, சுதந்திரம். அதுக்கு அடுத்த வாரம் மூணாம் வகுப்புக்கும் வெள்ளிக் கோப்பை வருதுல்ல? அன்னிக்குப் பாருங்க, கோட்டான் கழுகா மாறி மேட்டுல பறக்கும்.”

அந்தப் பேச்சு கருணாகரனை அசைத்தது என்று சொல்வதற்கில்லை. அவனுடைய காதே அவனுக்குச் சாட்சி சொல்லியிருந்தது. திங்கள் காலையில் ராஜனின் பெயரை மூன்றாம் வகுப்பிலிருந்து அடித்துவிட்டு, இரண்டாம் வகுப்புத் தாளில் சிவப்பு மையில் எழுதினான்.

ராஜன் வந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். சண்டைக்கு வரவில்லை.

“அபாங், நான் அடக்கி ஓட்டவில்லை” என்றான், அண்ணனை அழைக்கும் மலாய்ச் சொல்லில்.

“அந்த இடத்தில் எஞ்சின் சத்தம் ஏன் அடங்குகிறது?”

“தெரியவில்லை. அந்த ஏற்றத்தில் எனக்கு இன்னும் கை வரவில்லை. கியர் மாற்றுவதில் ஏதோ தப்புச் செய்கிறேன் போல.”

“வண்டியில் ஏதாவது கோளாறா?”

“வண்டியா?” ராஜன் வியப்போடு பார்த்தான். “நீங்கள் பார்த்துக் கொடுத்த வண்டி, அபாங். அதில் என்ன கோளாறு இருக்கும்?”

சொல்லிவிட்டு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் கருணாகரனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று முழுவதும் வேலையில் மனம் ஓடவில்லை. இதற்குள் செட்டி கம்பம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மாலையில் ராஜனின் அம்மா மலாய் உடையான கபாயாவும் சாரோங்குமாகப் பாசாருக்குப் போகும்போது, எப்போதும் பட்டறைப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை பேசுகிறவர், அன்று நேரே பார்த்தபடி போனார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி கோகிலா கேட்டாள்:

“அந்த ராஜன் பேரைச் சிவப்புல எழுதிட்டீங்களாமே?”

“ஆமா. மூணு தடவை பாத்தாச்சு.”

“பாத்தீங்களா, கேட்டீங்களா?”

கருணாகரன் நிமிர்ந்தான். பந்தய நாட்களில் மேட்டின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்து கடந்துபோகும் வண்டிகளின் எண்களை எழுத வேண்டும். வெயிலில் அந்த வேலைக்கு எவரும் வராததால் இரண்டு வருடமாகக் கோகிலாதான் குடையும் நோட்டுமாகப் போய் உட்காருகிறாள். ஒரு எண்கூட இதுவரை தவறியதில்லை.

“நான் பாத்தேன்” என்றாள் அவள். “அந்த இடத்துல அவன் கை எப்படி இருந்தது தெரியுமா? ஈரப் போர்வையைப் பிழியிற மாதிரி முறுக்கி வெச்சிருந்தான். இன்னும் முறுக்க இடமே இல்ல. வண்டிதான் இருமுது. மூடுனா கை தளரும்ல? தளரவே இல்ல.”

“மூணு தடவையுமா?”

“போன தடவையும் இந்தத் தடவையும். முதல் தடவை புழுதியில சரியாத் தெரியல. தெரியாததச் சொல்ல மாட்டேன்.”

“ஏன் அப்பவே சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? நம்பர் எழுதுன்னு சொன்னீங்க, எழுதினேன். கையப் பாருன்னு யாரும் சொல்லலியே. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?”

கருணாகரன் தலையை ஆட்டிவிட்டு யோசித்தான். ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருந்தும் ஏற்றத்தில் எஞ்சின் அடங்குகிறது என்றால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்று பொருள். சமதரையில் நன்றாக ஓடுகிறது. ஏற்றத்தில் மட்டும் சேரவில்லை. கார்ப்பரேட்டர்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மே மாதக் கடைசியில் ராஜன், நிறுத்தி வைத்தால் பெட்ரோல் சொட்டுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தான். கார்ப்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி தேய்ந்திருந்தது. புது ஊசி சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். அதுவரைக்கும் ஒப்பேற்ற, கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் குறைவாக நிற்கும்படி மிதவையைத் திருத்திப் பூட்டினான். சொட்டுவது நின்றது. சாலையில் ஓட்டிப் பார்த்தான், குறையில்லை. ஆனால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறும்போது, அந்தக் குறைந்த மட்டம் இன்னும் இறங்கிப்போகும். எஞ்சினுக்கு ஒரு மிடறு கிடைக்காது. இருநூறு கெஜத்துக்கு அப்பால் அது ஆக்சிலரேட்டரை மூடிய சத்தமாகவே கேட்கும்.

பாதிச் சோற்றில் எழுந்து பட்டறைக்குப் போனான். உதிரிப் பாகங்கள் வைக்கும் பால் டின்னைக் கவிழ்த்தான். மெழுகுத்தாளில் சுற்றியபடி புது ஊசி உள்ளே இருந்தது. வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. சொல்லி அனுப்ப மறந்திருந்தான்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தான். உடனே போய்ச் சிவப்பை அடித்துவிட்டுக் கருப்பில் எழுதிவிடலாம். ஆனால் ஊர் என்ன சொல்லும்? ராஜன் வந்து அழுதான், கருணாகரன் இரக்கப்பட்டு மாற்றிவிட்டான் என்று சொல்லும். கறை அப்படியே இருக்கும். ஊசியை மாற்றிக் கொடுத்தாலோ இன்னும் மோசம். அடுத்த பந்தயத்தில் ராஜன் மேட்டில் பறப்பான். ‘பார்த்தாயா, இத்தனை நாளும் அடக்கித்தான் ஓட்டியிருக்கிறான்’ என்பார்கள். எல்லார் கண் முன்னாலும் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இது.

அன்று மாலையே ராஜனின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். ஊசியையும் காட்டினான். ராஜனின் அம்மா உள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ராஜன் ஊசியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறகு, “அப்படியானால் எனக்குக் கியர் மாற்றத் தெரியும்?” என்று மட்டும் கேட்டான்.

“நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரை வண்டியை இப்படியே வைத்திரு. நான்கூடத் தொடமாட்டேன்.”

ஞாயிறு காலை புக்கிட் பாருவில் பயிற்சிக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். கருணாகரன் எல்லாரையும் மேட்டின் செங்குத்தான பக்கத்து அடியில் கூட்டினான். சேதுபதியைக் கூப்பிட்டான்.

“சேது, இந்த மேட்டுல ராஜன் வண்டிய நீ ஓட்டு. கையை முழுக்கத் திறந்துக்கோ, மூடாதே.”

“நானா? அண்ணே, நான் ஓட்டினா மேட்டுல நிக்காது. ஆயர் குரோ காட்டுல போய்த்தான் இறங்கும். பரவாயில்லையா?”

“பரவாயில்ல. போ.”

சேதுபதி சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிளம்பினான். மேட்டடியில் அருமையான வேகம். மேடு நிமிர்ந்தது, வண்டி மூக்கைத் தூக்கியது. பாதியில் சத்தம் சட்டென்று அடங்கியது. வண்டி ஒரு இருமல் இருமி நின்று, பின்னோக்கி உருள ஆரம்பித்தது. சேதுபதி கால்களை அகட்டிப் பார்த்தான், கத்திப் பார்த்தான், கடைசியில் வண்டியோடு லாலாங் புல்லுக்குள் சாய்ந்தான்.

“அண்ணே, நான் மூடல! சத்தியமா மூடல! எங்கம்மா மேல ஆணையா முறுக்கினேன்!” என்று புல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அவன் பேரையும் சிவப்பில் எழுதுங்கள்!” என்று யாரோ மலாயில் கத்த, மேடே சிரித்தது. ஹம்சா வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, எல்லாருக்கும் புரியும்படி கருணாகரன் மலாயிலேயே சொன்னான்: “தப்பு ராஜனுடையது இல்லை. வண்டியுடையதும் இல்லை. நான் அரைகுறையாகச் செய்த வேலை. மாற்ற வேண்டிய ஊசி ஆறு வாரமாக என் டின்னில் கிடந்தது. என் வேலையின் குறையை நானே கேட்டு, அதை அவன் திருட்டுத்தனம் என்று எழுதிவிட்டேன். மேட்டின் மேல் உட்கார்ந்து பார்த்தவள் என் மனைவி. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.”

கருணாகரன் அங்கேயே சாக்கை விரித்து, கார்ப்பரேட்டரைக் கழற்றி, பழைய ஊசியையும் புது ஊசியையும் உள்ளங்கையில் வைத்து ஆளாளுக்குக் காட்டினான். புதியதைப் பூட்டி, மிதவையைச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்தான்.

ராஜன் ஏறி உட்கார்ந்தான். மேடு அவனுக்கு ஒரு படிக்கட்டு மாதிரி ஆனது. உச்சியில் இரண்டு சக்கரமும் தரையை விட்டன. கீழே வந்து, கேட்காமலே இன்னும் இரண்டு சுற்றுப் போனான். கருணாகரன் ஸ்டாப் வாட்சைப் பார்த்தான். இரண்டாம் வகுப்பில் நடுவில் ஓடுகிறவர்களின் நேரம்.

சேதுபதி தலையிலிருந்த புல்லை எடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். “என்ன அண்ணே, இது ரெண்டாம் வகுப்பு டைம்தானே? அப்ப நீங்க எழுதுனது சரியாத்தானே போச்சு!”

“இல்ல. அடக்கி ஓட்டுறான்னு எழுதினேன். அது பொய். ரெண்டு தடவை ஜெயிச்சவனைத்தான் மேலே போடலாம். இவன் ஒரு தடவைகூட ஜெயிக்கல. விதிப்படி மூணாம் வகுப்புதான், கருப்பு மையில.”

அதைச் சொல்லும்போதே அதில் ஒரு முள் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் தபால்காரர் நல்லையா நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது. நாலு வருடமாக மூன்றாம் வகுப்பில் ஓடி, இந்த வருடம்தான் முதல் மூன்று இடங்களுக்குப் பக்கத்தில் வரத் தொடங்கியிருந்தார். இந்த வண்டியோடு ராஜன் மூன்றாம் வகுப்பில் ஓடினால் வெள்ளிக் கோப்பைக்குப் பந்தயமே தேவையில்லை. ஆனால் தவறு செய்தவன் கருணாகரன். அதைத் திருத்துகிற சாக்கில் ராஜனிடமிருந்து எதையும் பிடுங்க அவனுக்கு மனம் வரவில்லை.

ராஜன் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வந்தான். என்ன பேச்சு என்று கேட்டான். கருணாகரன் மலாயில் சொன்னான். ராஜன் நல்லையாவையும் பார்த்தான், மேட்டையும் பார்த்தான்.

“அபாங், என் பெயர் சிவப்பாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எந்தத் தாளில் இருக்கிறது என்பது இல்லை” என்றான். “கருப்பு மையில் இரண்டாம் வகுப்பில் எழுத முடியுமா? நானே கேட்டுக்கொண்டு போவதாக?”

“அதற்கு விதி இல்லையே.”

“அந்த விதியையும் எழுதிவிடுங்கள்” என்றான் ராஜன்.

ஹம்சா வாத்தியார் சரி என்று தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் கருணாகரன் மூன்று தாள்களையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினான். எங்கும் அடித்தல் திருத்தல் இல்லை, சிவப்பு இல்லை. அடியில் இரண்டு வரி சேர்த்தான்: ஒருவர் தாமாகக் கேட்டால் மேல் வகுப்புக்குப் போகலாம். அடக்கி ஓட்டுவதாகச் சந்தேகம் வந்தால், பெயர் எழுதும் முன் அவர் வண்டியை இன்னொருவர் அதே மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மெர்டேக்காவுக்கு அடுத்த வார ஞாயிறு மேட்டைச் சுற்றிப் புதுக் கொடிகள் கட்டியிருந்தார்கள். முதல் நாள் பெய்த மழையில் செம்மண் களியாகியிருந்தது. மூன்றாம் வகுப்பில் கடைசிச் சுற்று வரைக்கும் மூன்று பேர் சக்கரத்தோடு சக்கரம் வந்தார்கள். அரை வண்டி நீளத்தில் நல்லையா ஜெயித்தார். கோப்பையை வாங்கும்போது, தபால் கொடுக்கும் பழக்கத்தில் பின்னால் திருப்பி முகவரி தேடுகிறார் என்று சேதுபதி கத்தினான். அன்று அவனுக்கு மூன்றாவது இடம். டிபன் கேரியர் அவன் வீட்டுக்குப் போயிற்று.

இரண்டாம் வகுப்பில் ராஜன் பதினோரு பேரில் எட்டாவதாக வந்தான். வளைவில் இரண்டு முறை நெருக்கித் தள்ளினார்கள். ஒரு முறை அவனும் தள்ளினான். முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. ஏற்றத்தில் மட்டும் அவனை எவரும் தாண்டவில்லை. கோகிலா நோட்டில் அவன் எண்ணுக்கு எதிரே, கேட்காமலே, ‘கை முழுக்கத் திறந்திருந்தது’ என்று ஆறு சுற்றுக்கும் ஆறு முறை எழுதி வைத்திருந்தாள்.

கருணாகரன் அந்தப் பலகையை அறுபத்தொன்பதாம் ஆண்டு வரை பார்த்துக்கொண்டான். அதற்கப்புறம் சிவப்பு மை ஒரே ஒரு முறைதான் தேவைப்பட்டது. அதுவும் மூன்று பேர் மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகு. பட்டறையில் கார்ப்பரேட்டரைத் தொட்ட எந்த வண்டியையும் செயின்ட் ஜான் குன்றின் ஏற்றத்தில் ஒரு தடவை ஏற்றிப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்ததில்லை. தன்னைப் பற்றி யாராவது உயர்த்திப் பேசினால், எனக்கு வாய்த்தவர்கள் அப்படி, என்பான். பேச்சு அதோடு சரி.

ஆனால் அந்த மெர்டேக்காப் பந்தயத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை காலையில் அவனுக்குள் ஒரு பயம் இருந்தது, அதை எவரிடமும் சொன்னதில்லை. ராஜனின் வண்டியில் கால்மிதி வளைந்திருந்ததை முந்தைய நாளே பார்த்திருந்தான். டவுனில் வேறு பட்டறைகள் இருக்கின்றன. எங்கே கொண்டுபோவான்?

எட்டு மணிக்கு ராஜன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் அவன் அம்மா, வாழையிலை மூடிய ஒரு தட்டுடன்.

“அபாங், கால்மிதி வளைந்துவிட்டது. சாயங்காலம் வேண்டும்.”

“வேறு ஏதாவது?”

“வேறு ஏதாவது இருந்தால் நீங்களே சொல்வீர்களே” என்று சிரித்தான் ராஜன். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான்.

அம்மா தட்டை மேசையில் வைத்து, இன்னும் சூடாக இருக்கிறது, மனைவிக்கும் கொடு என்றார். கருணாகரன் கையில் எண்ணெய் இருந்தது. அதைத் துடைக்க மறந்து, இரண்டு கையாலும் கும்பிட்டான்.